ஏறும் இடம் தெரியாதவர்கள்

"அப்போ ஆறு பேரு ஏறியிருக்காங்க, ஏழு பேரு எறங்கியிருக்காங்க. அதானே சொல்றீங்க?"

"நான் சொல்லல சார். சென்சார் சொல்லுது. இருபது நாளா சொல்லுது."

"நடு ஆத்துல முதலை ஏதாச்சும் ஏறியிருக்குமோ என்னமோ. அதுவும் சாயங்காலமானா வீட்டுக்குப் போகணும்ல."

மோகனதாஸ் சாரின் வேடிக்கைக்கு முதலில் சிரித்தவள் ஷர்மினி. அவள் சிரித்தால் அறையில் இருக்கும் மற்றவர்களும் சிரித்துவிடுவார்கள். பிரேமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது அவள். அந்தக் கேள்வியில் கிடைத்த சிரிப்பையும் வெளிச்சத்தையும் ஷர்மினி எடுத்துக்கொண்டாள். ஷர்மினி வந்து சேர்ந்த எட்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது.

"அலமாக், கொக்கு ஏதாச்சும் குறுக்கே நடந்திருக்கும்க்கா. நான் செக் பண்றேன்லா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றாள் ஷர்மினி.

"ஷர்மினி பாத்துக்குவா" என்று மோகனதாஸ் சார் கோப்பை மூடினார். புதன்கிழமை மாநிலக் குழுவின் முன் வைக்க வேண்டிய கோப்பு அது.

மூவார் நகரில் ஒரு நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய தற்காலிக அலுவலகம். மரத்தூள் வாசனை ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்து காகிதங்களின் மேல் மெல்லிய மாவாகப் படியும். ஆற்றில் பொதுமக்களுக்கான படகுச் சேவை வரப்போகிறது. அதற்கு முன்னோட்டமாக இரண்டு மிதக்கும் படகுத்துறைகளை, ஊர்ப்பேச்சில் ஜெட்டிகளை, கட்டி மூன்று வாரமாக ஒரு படகை ஓட்டிப் பார்க்கிறார்கள். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நகர ஜெட்டி பிரேமலாவின் திட்டம். ஆற்றின் மேல்பக்கம், நிப்பாப் பனைகளுக்கு நடுவே இருக்கும் வளைவு ஜெட்டி ஷர்மினியின் திட்டம். எதில் கூட்டம் அதிகமோ அதுவே பெரிய முனையமாகும். அந்த முனையத்தை வரைந்தவர்தான் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டத்தின் தலைவர்.

பிரேமலா இந்த ஆற்றோடு மூன்று வருடம் கிடந்தவள். சென்சார் வருவதற்கு முன்பு, கையில் அழுத்தி எண்ணும் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு, விடிகாலையிலிருந்து வெயில் சாயும் வரை கரையில் நின்று தலைகளை எண்ணியவள். லாபிஸில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாள் மறந்துபோகும், மூவார் ஆற்றில் வெள்ளம் ஏறும் நேரம் மறக்காது. ஷர்மினி வளைவு ஜெட்டியை ஒரே வாரத்தில் வரைந்தாள். அந்தப் படத்தை மோகனதாஸ் சார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிரேமலாவின் படத்தை அவர் மேசையில் வைத்தபடியேதான் பார்த்தார்.

ஒரு நாள் ஒருவர் கூடுதலாக இறங்கினால் அது கருவியின் பிழை. இருபது நாளும், தவறாமல், ஆறு நாற்பது மணிக் கடைசிப் படகில், வளைவு ஜெட்டியில் மட்டும் ஒருவர் கூடுதலாக இறங்கினால் அது மனிதர் செய்யும் வேலை என்று பிரேமலாவுக்குத் தோன்றியது. செய்யும் மனிதர் யார் என்பதும் தோன்றியது.

திங்கட்கிழமை மாலை எண்ணும் கருவியை எடுத்துக்கொண்டு அவளே படகில் ஏறினாள்.

அவளையும் சேர்த்து ஐந்து பேர். காய்கறிக் கூடையோடு ஒரு சீனப் பாட்டி, மேசைத் தொழிற்சாலைச் சட்டை போட்ட இரண்டு நேப்பாளிகள், காதில் பாட்டு மாட்டிக்கொண்ட ஒரு மலாய்ப் பெண். பிரேமலா எல்லோருக்கும் பின்னால், கடைசிக்கு முந்திய இருக்கையில் உட்கார்ந்தாள். படகு கிளம்பியதும் சந்தையின் மீன் வாடையும் கரையோரக் கடைகளின் புகையும் மெதுவாகப் பின்வாங்கின. தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து ஈயத்தின் நிறத்துக்கு மாறியது. இரண்டு கரையிலும் நிப்பாப் பனைகள் தண்ணீருக்குள்ளிருந்தே முளைத்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, படகு போகும்போது மட்டும் ஏதோ பேச்சை நிறுத்தியவை போல அசையாமல் நின்றன.

அந்த இடத்தில் எஞ்சினின் சத்தம் ஒரு கணம் தணிந்தது. பாரம் ஏறும்போது தணிவதுபோல. படகின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது.

பிரேமலா திரும்பிப் பார்த்தாள். கடைசி இருக்கையில் யாரும் இல்லை. இருக்கை நனைந்திருந்தது. அலை தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஆற்றில் அலையே இல்லை. பீரோவில் பூட்டி வைத்த ஈரத்துணியின் வாடை மட்டும் அவளுடைய பிடரிக்கு மிக அருகில் இருந்தது. மறுபடி அவள் திரும்பவில்லை.

வளைவு ஜெட்டியில் முதல் ஆளாக இறங்கி, சரிவுப் பாலத்தின் மேல்முனையில் போய் நின்றாள். காவலுக்கு இருக்கும் கிருஷ்ணம்மா மாப்போடு தயாராக நின்றிருந்தார்.

"என்னம்மா, தலைய எண்ண வந்தியா?"

"ஆமாக்கா."

"என் தலையையும் சேத்துக்கலா. வீட்டுல யாரும் அத கணக்குல வெக்கிறதில்ல."

"கடைசிப் படகுல ஒருத்தர் அதிகமா எறங்குறாராமே?"

"ஈரக்காலோட ஒருத்தர் வருவாங்க. தெனமும் வேற வேற ஆளு. மீன்புடிக்கிறவங்களா இருக்கும், எனக்கென்ன தெரியும்? தொடைக்கிறது நானு." கிருஷ்ணம்மா மாப்பை உயர்த்திக் காட்டினார். "ஷர்மினி பாப்பாகிட்ட சொன்னேன். மறுநாளே புது மாப் வாங்கியாந்து குடுத்துருச்சு. தங்கமான புள்ள."

தங்கமான பிள்ளை. பிரேமலா கருவியை அழுத்தத் தொடங்கினாள். தன்னோடு சேர்த்து ஒன்று. பாட்டி, இரண்டு. நேப்பாளிகள், மூன்று, நான்கு. மலாய்ப் பெண், ஐந்து.

ஆறு.

வெறுங்காலோடு ஒரு மனிதன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. பிரேமலாவைக் கடந்து போகும்போது முகத்தைக் காட்டவில்லை. கிருஷ்ணம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனார். சாலை ஓரத்தில் பேருந்துகளின் வழித்தடம் வரைந்த பெரிய பலகை இருந்தது. அவன் அதன் முன்னால் நின்றான். ஊர்ப் பெயர்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினான். கடைசிப் பெயர் வரை தேடிவிட்டு விரலை எடுத்தான். பிறகு பலகைக்குப் பின்னால், நிப்பாப் பனைகளின் ஓரத்துக்குப் போய் நின்றான்.

அங்கே ஏற்கெனவே பலர் நின்றிருந்தார்கள்.

எல்லோரும் சாலையைப் பார்த்து, வரிசையாக, எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாதவர்கள் நிற்பதுபோல. பிரேமலாவின் கட்டைவிரல் பழக்கத்தில் தானாக அழுத்திக்கொண்டே போனது. அவனையும் சேர்த்து இருபத்தொன்று.

வாடகைக் காரில் திரும்பும்போது முதல் பத்து நிமிடம் அவள் திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். பாலத்தின் விளக்குகள் தெரிந்ததும் மூச்சு வந்தது. மூச்சோடு விளக்கமும் வந்தது. ஷர்மினி கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறாள். தொழிற்சாலை ஆட்களாக இருக்கும். தினம் ஒருவனை இறங்க வைத்துத் தன் ஜெட்டியின் எண்ணிக்கையை ஏற்றுகிறாள். தங்கமான பிள்ளை! நடு ஆற்றில் அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று பிரேமலா தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பொறாமைக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. பயத்தைவிட அது சூடாக இருந்தது. அவள் அதைப் போர்த்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து பயண அட்டவணையைத் திறந்தாள். ஒவ்வொரு பயணிக்கும் அதில் ஒரு வரி உண்டு. வீடு எந்தப் பகுதியில், எந்த ஜெட்டியில் ஏறினார், எங்கே இறங்கினார். எண்ணிக்கை இடித்தால் குழு ஏற்றுக்கொள்ளாது. ஏறியவர்களும் இறங்கியவர்களும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டமிடுபவர்களே மிச்சம் நிற்பவர்களுக்குப் பொருத்தமான ஓர் இடத்தைக் கொடுத்துச் சமன்செய்வார்கள். எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். ஒன்றிரண்டு பேரை இப்படி எங்காவது சேர்ப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

அட்டவணையின் அடியில் "ஏறும் இடம் தெரியாதவர்கள்" என்ற தலைப்பின் கீழ் இருபத்தொரு வரிகள் காலியாக இருந்தன.

பொருத்தமான இடம் தேடினால் பத்துப் பகுதிகளுக்குப் பிரித்துப் போட்டிருக்கலாம். பிரேமலா பிரிக்கவில்லை. இருபத்தொரு பேரும் நகர ஜெட்டியில் ஏறியதாகப் போட்டாள். அவளுடைய ஜெட்டியில். வீடு என்ற இடத்தில் அந்த ஜெட்டிக்கு மிக அருகே இருக்கும் குடியிருப்பைப் போட்டாள். தாமான் செரி பாயு. அவள் வாடகைக்கு இருக்கும் தாமான். நீ கூட்டி வந்த ஆட்கள் இனி என் ஆட்கள், ஷர்மினி.

பொத்தானை அழுத்தியதும் கணினி மீதி வேலையைத் தானே செய்தது. காலையில் வீட்டை விட்டுப் போகிறவர் மாலையில் வீடு திரும்புவார் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் திரும்பும் பயணம் ஒன்றை அட்டவணை தானாக நிரப்பிக்கொள்ளும். இருபத்தொரு பேர். வளைவு ஜெட்டியிலிருந்து நகர ஜெட்டிக்கு. ஆறு நாற்பது. வீடு: தாமான் செரி பாயு.

மதியம் மோகனதாஸ் சார் ஜொகூர் பாருவிலிருந்து கூப்பிட்டார். "என்ன பிரேமலா, உங்க ஜெட்டி திடீர்னு முன்னாடி நிக்குது? நல்லாயிருக்கு. நாளைக்கு நீங்களே பேசுங்க." எட்டு மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் நல்லாயிருக்கு. அதை அவள் வாயிலேயே வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தாள்.

அன்று ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்து, குளித்து, நாளை பேசப்போவதை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. ஷர்மினி.

"அக்கா, அட்டவணையைப் பாத்தேன். இருபத்தொரு பேரையும் உங்க தாமானுக்கே போட்டுட்டீங்களே."

பிரேமலா லேப்டாப்பில் அட்டவணையைத் திறந்தாள்.

"சார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலைக்கா. சொல்லவும் மாட்டேன். மூணு வருஷம் நீங்கதான் இங்க காஞ்சீங்க, எனக்குத் தெரியாதா? ஆனா குழுவுல யாராச்சும் கேட்டா மாட்டிக்குவீங்க. அதான் நானே ஒரு தடவ சரியா எண்ணிட்டு வந்துடலாம்னு வளைவுக்கு வந்தேன்."

கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம். இந்த நல்ல மனசும் அவளுக்கே இருக்க வேண்டுமா? பிரேமலாவின் காது சூடாகியது.

"கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போய்ட்டாங்க போல. இங்க யாருமே இல்ல... இல்ல, இருக்காங்க. நெறைய பேரு க்யூல நிக்கிறாங்க. படகும் வருது. லைட்டே போடல. அக்கா, இது நம்ம படகுதானே?"

அவர்களுடைய படகு அன்று ஓடவில்லை. எஞ்சின் பழுதென்று காலையில் பட்டறைக்குப் போய்விட்டது. அனுப்பிவைத்த தாளில் கையெழுத்துப் போட்டவள் பிரேமலா. கிருஷ்ணம்மாவை இன்று வர வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

ஏறாதே என்பது ஒரே சொல். அது நாக்கின் நுனி வரை வந்தது. அதற்குப் பின்னால் நாளைய மேடையும், இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கப்பட்ட அந்தப் படமும் வந்தன.

"நம்ம படகுதான்" என்றாள் பிரேமலா. "ஏறி எண்ணிட்டு வா."

"ஓகேக்கா. தேங்க்ஸ்."

இணைப்பு அறுந்தது. வெளியே வெளிச்சம் பழுத்து, பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் சுவரேறிக்கொண்டிருந்தது. பிரேமலா கைப்பேசியில் சென்சாரின் பக்கத்தைத் திறந்தாள். படகு இல்லாத நாளில் அங்கே எல்லாம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

வளைவு ஜெட்டி. ஏறியவர்கள்: இருபத்திரண்டு.

அவள் ஷர்மினியைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி.

ஏழு மணி ஆனது. எண் மாறியது.

நகர ஜெட்டி. இறங்கியவர்கள்: ஒன்று. நான்கு. பதினொன்று. பத்தொன்பது. இருபத்தொன்று.

அதோடு நின்றது.

இருபத்தொன்றிலேயே நின்றது.

நகர ஜெட்டியிலிருந்து இந்தத் தாமானுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். அவளே அளந்து அட்டவணையில் போட்ட கணக்கு. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஒலித்து முடிந்தது. பக்கத்துச் சந்தில் எப்போதும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஊளையிடும் நாய் இன்று ஊளையிடவில்லை. சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரோ அவசரமாக உள்ளே கூப்பிட்டார்கள்.

பிறகு அந்தச் சத்தம். தார்ச்சாலையில் ஈரக்கால்கள். நிறையக் கால்கள். அவசரமில்லாமல்.

எதிர்வரிசை வீடுகளைக் கடந்தன. பக்கத்து வீட்டு முக்கைக் கடந்தன. நின்றன.

கேட்டின் கொக்கி தூக்கப்பட்டது. மெதுவாக. பழகிய கை.

பிரேமலா எழுந்து முன்கதவின் இரும்புக் கிராதியைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. சாவி அவள் கையில் இருந்தது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். கிராதி திறந்திருந்தது. பூட்டு திறந்த சத்தம் கேட்கவில்லை. சொந்த வீட்டுக்கு வருபவர்கள் எதற்குச் சத்தம் போட வேண்டும்?

அவர்கள் உள்ளே வந்தார்கள்.

ஒருவர் பின் ஒருவராக. கைலி கட்டியவர். தொழிற்சாலைச் சட்டை. வெள்ளைப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, ஒரு காலில் மட்டும் சப்பாத்து. வேலை முடிந்து வந்தவர்களின் களைப்போடு சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கூடத்தில் மூன்று சுவருக்கும். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவர்களிடமிருந்து தண்ணீர் வடிந்து, தரையோடுகளின் கோடுகளில் ஓடி, அவளுடைய பாதத்தைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

யாரும் அவளைத் தொடவில்லை. மிரட்டவில்லை. வீடு கொடுத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். முகங்களில் எதுவும் இல்லை. அன்பும் இல்லை, கோபமும் இல்லை.

நாற்காலியில் விழுந்தாள். எழ முடியவில்லை.

மேசை மேல் கைப்பேசி அடித்தது.

ஷர்மினி.

விரல் தானாகப் போய் அழுத்தியது. ஒலிபெருக்கியில் முதலில் தண்ணீர். எஞ்சின் இல்லாத படகின் அடியில் தண்ணீர் நகரும் சத்தம். அதற்கு நடுவே அந்தக் குரல். இப்போதும் அழகான குரல். கொஞ்சமும் பதறாத குரல்.

"அக்கா?"

சுவரோரம் இருந்த இருபத்தொரு முகங்களும் திரும்பின. பிரேமலாவிடம் வெறுமையாக இருந்த முகங்கள் அந்தக் குரலைக் கேட்டதும் மலர்ந்தன. சிறுமி சிரித்தாள். அவள் பற்களுக்கிடையே ஆற்றுச்சேறு.

அவர்களுக்கும் அவளைத்தான் பிடித்திருந்தது.

அந்த நேரத்திலும், அந்த ஈரத்தின் நடுவிலும், பிரேமலாவின் நெஞ்சில் பழைய இடத்திலேயே அது குத்தியது.

அவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தோளோடு ஒருவர் நெருங்கி, சிறுமிக்குப் பக்கத்தில் இடம் விட்டார்கள். ஒரே ஒரு தரையோடு. கூடம் முழுவதும் தண்ணீர் பரவியிருந்தது, அந்த ஓடு மட்டும் நனையவில்லை. எல்லோருமாகக் கையால் அணைபோட்டு அதை உலர்வாக வைத்துக்கொண்டு, பிரேமலாவின் லேப்டாப்பை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அட்டவணையின் அடியில் புதிதாக ஒரு காலி வரி.

"அக்கா, எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் எறங்கப் போனா மட்டும் படகு நிக்க மாட்டேங்குது. இங்க ரொம்ப இருட்டா இருக்குக்கா. எனக்கும் ஒரு எடம் போடுங்களேன்."